செப்டம்பர் மாதத்து வெற்றிகள்

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸ் நகருக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. 3-ஆம் தேதி வந்த செய்தி: மிச்சிகன் 51, கொலராடோ ஸ்டேட் 7. 10-ஆம் தேதி: மிச்சிகன் 56, ஹவாய் 10. 17-ஆம் தேதி: மிச்சிகன் 59, கனெக்டிகட் 0. மூன்று ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் 166; கொடுத்த புள்ளிகள் 17.

கொலம்பஸில் இருப்பது ஒஹையோ ஸ்டேட் பல்கலைக் கழகம். அதன் கால்பந்து ரசிகருக்கு மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் அணியே தலையாய போட்டி அணி. நவம்பர் மாதக் கடைசியில் அவ்வணி தம் ஊருக்கே வந்து ஆடப் போகிறது என்பதை அவர் அறிவார். 166-க்கு 17 என்ற கணக்கைக் கேட்டு அவர் அஞ்சுவதா, நகைப்பதா? மாற்றானுடைய தொடக்க வெற்றிகளைக் கொண்டு அவன் வலிமையை அளப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் மைதானத்தில் உதைத்தாடும் பந்தாட்டம் அன்று. முட்டை வடிவிலான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கையால் எறிந்தும், எதிரியின் எல்லைக் கோட்டைக் கடப்பதே அதில் குறிக்கோள். காலுக்கு வேலை சிறிதே. பக்கத்துக்குப் பதினொருவர், எல்லைக்கு எல்லை 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரிக்குப் போய்விடும். எல்லையைக் கடந்தால் 6 புள்ளிகள், அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 1 புள்ளி. எல்லையைக் கடவாமல் தூரத்திலிருந்தே உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள். பந்தை எறிபவரைக் குவார்ட்டர்பேக் என்பர். அவருக்கு முன்னே மலைபோல் நின்று எதிரிகளைத் தடுக்கும் ஐவரே முன்வரிசையினர். பத்திரிகைகளில் அவர்கள் பெயர் அதிகம் வருவதில்லை. ஆனால் நம் கதையில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

இவ்விரு மாநிலங்களின் பகைமை கால்பந்துக்கும் முந்தியது. டொலீடோ என்ற ஊரும் அதைச் சுற்றிய நிலப்பட்டையும் எவருக்குரியவை என்ற வழக்கில், 1835-இல் ஒஹையோ மாநிலமும், அன்று மாநில அந்தஸ்துப் பெறாதிருந்த மிச்சிகனும் எதிரெதிரே படை திரட்டி நின்றன. முடிவில் டொலீடோ ஒஹையோவுக்குச் சேர்ந்தது. மிச்சிகனுக்கு வடக்கே ஏரிகளுக்கு அப்பாலுள்ள தீபகற்பம் ஈடாகக் கிடைத்தது. பல்கலைக் கழக அணிகள் முதன்முதல் மோதியது 1897-இல். 1918 முதல் ஆண்டுதோறும் ஆடி வந்திருக்கின்றன. தொற்றுநோய் பரவிய 2020 ஒன்றே விலக்கு. இந்த ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஒஹையோ ஸ்டேட் வளாகத்திலுள்ள பெயர்ப் பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்து வருமிடங்களிலெல்லாம் சிவப்பு நாடாவை ஒட்டி அவ்வெழுத்தை மறைத்துவிடுவார்கள். படித்தவர்கள் செய்யும் காரியமா இது என்று கேட்கலாம். படித்தவர்கள்தாம் செய்கிறார்கள்!

2012 முதல் 2019 வரை எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றது ஒஹையோ ஸ்டேட். 2021 நவம்பர் 27-ஆம் தேதி, பனி பெய்துகொண்டிருந்த ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் 42-27 என்று அதை வீழ்த்தியது. அன்று ஹாசன் ஹாஸ்கின்ஸ் என்ற ஓட்டக்காரர் ஐந்து முறை எல்லையைக் கடந்தார். ஆகவே 2022 செப்டம்பரில் நாம் சந்திக்கும் கொலம்பஸ் ரசிகர் ஆறாத புண்ணுடன் இருப்பவர். புண்ணுடையவரின் கண் எதைக் காணும், எதைக் காணாது என்பதையும் நாம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் முதலில் செய்தது, மிச்சிகன் வென்ற அணிகள் எத்தகையவை என்று ஆராய்ந்ததே. அது நியாயமான ஆராய்ச்சி. மூன்றுமே நலிந்த அணிகள். மூன்றுக்கும் அவ்வாண்டுதான் புதிய பயிற்சியாளர்கள் வந்திருந்தார்கள். ஆண்டு முடிவில் கொலராடோ ஸ்டேட் 3 வென்று 9 தோற்றது; ஹவாய் 3 வென்று 10 தோற்றது; கனெக்டிகட் 6 வென்று 7 தோற்றது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நாம் சொல்வதில்லையா? அதையே அவரும் தம் மொழியில் சொல்லிக்கொண்டார்.

பெரிய பல்கலைக் கழகங்கள் செப்டம்பரில் இத்தகைய அணிகளையே ஏன் தேடி அழைக்கின்றன? ஓராண்டில் ஓர் அணிக்கு முறையான ஆட்டங்கள் பன்னிரண்டே. அவற்றில் எட்டோ ஒன்பதோ தாம் சேர்ந்துள்ள கூட்டமைப்பின் உறுப்பினருடன் கட்டாயமாக ஆட வேண்டியவை. மிகுந்திருப்பதை விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். மிச்சிகன் அரங்கத்தில் 1,07,601 பேர் உட்கார இடமுண்டு. ஒஹையோ அரங்கத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் கூடினால் வருமானம் பெருகும். சிறிய கல்லூரிக்குப் பெருந்தொகை கொடுத்து அழைத்தால் அதற்கும் ஆண்டுச் செலவுக்குப் பணமாயிற்று. பெரியவருக்கும் ஒரு வெற்றி, இளம் வீரர்களுக்கு ஒரு பழக்கம். விலைக்கு வாங்கிய வெற்றி என்று இதைச் சொன்னால் பலர் சினங்கொள்வர்; ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

விலை கொடுத்தும் வெற்றி வாராத நாள் உண்டு. 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி, நாட்டில் ஐந்தாம் இடத்தில் மதிப்பிடப்பட்டிருந்த இதே மிச்சிகன், கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் கல்லூரியைத் தன் அரங்கத்துக்கு அழைத்து, 34-32 என்று அதனிடம் தோற்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தை எதிரணி வீரர் தடுத்துவிட்டார். ஆகவே நலிந்த அணியை வெல்வதில் ஒன்றுமே இல்லை என்று முழுதாகத் தள்ளிவிடவும் இயலாது.

அடுத்தபடி ரசிகர் இறங்குவது கூட்டல் கழித்தலில். ஒன்றை மற்றொன்று வென்றது, மற்றொன்று வேறொன்றை வென்றது என்று சங்கிலி கோப்பது. இது பார்வைக்குத் தர்க்க சாஸ்திரம்போல் இருக்கும். அதே ஹவாய் அணியை ஆகஸ்டு 27-ஆம் தேதி வாண்டர்பில்ட் என்ற அணி 63-10 என்று வென்றிருந்தது; வித்தியாசம் 53. மிச்சிகன் வென்றதோ 46 புள்ளி வித்தியாசத்தில். எனவே வாண்டர்பில்ட் மிச்சிகனைவிட ஏழு புள்ளி வலிமை மிக்கது! அந்த வாண்டர்பில்ட் செப்டம்பர் 24-ஆம் தேதி அலபாமாவிடம் 55-3 என்று தோற்றது. அவ்வாண்டு முழுவதிலும் ஐந்து ஆட்டங்களே வென்றது. கழித்தல் கணக்கில் பிழையில்லை. கழித்தற்குரிய பொருளை எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

அந்த ஹவாய் ஆட்டத்தையே சற்று நெருங்கிப் பாருங்கள். முதற்பாதி முடிவில் மிச்சிகன் 42, ஹவாய் 0. பிற்பாதியில் மட்டும் எடுத்த புள்ளிகள் மிச்சிகனுக்கு 14, ஹவாய்க்கு 10. பிற்பாதியில் மிச்சிகன் தளர்ந்துவிட்டதா? இல்லை. முதல்தர வீரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நான்காம் வரிசையினர் களத்தில் நின்றார்கள். 2022-இல் ஒரு பெரிய அணிக்கு உதவித்தொகை பெறும் வீரர் 85 பேர் வரை இருக்கலாம். ஒரே சட்டை போட்டிருப்பதால் அவர்களெல்லாம் ஒரே அணி என்று கருதிவிடுகிறோம். 56 என்ற எண்ணும் 10 என்ற எண்ணும் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதை அவிழ்க்காமல் எடைபோடுவது வீண்.

வலிய அணியை வென்றால் அந்தச் சான்று உறுதியாகிவிடும் என்றும் நம்புவதற்கில்லை. செப்டம்பர் 3-ஆம் தேதி ஒஹையோ ஸ்டேட் நோட்டர் டேம் அணியை 21-10 என்று வென்றது. நோட்டர் டேம் அப்போது நாட்டில் ஐந்தாம் இடத்தில் மதிப்பிடப்பட்டிருந்தது. மிச்சிகனின் 51-ஐவிட எங்கள் 21 பெரிது என்று கொலம்பஸில் பெருமை பேசினார்கள். ஒரு வாரம் கழித்து அதே நோட்டர் டேம் தன் சொந்த மைதானத்தில் மார்ஷல் என்ற சிற்றணியிடம் 26-21 என்று தோற்றது. முழக்கோல் சுருங்கிவிட்டது, அதனால் அளந்த வெற்றியும் சுருங்கிற்று. நவம்பரிலோ அதே நோட்டர் டேம் கிளெம்சன் என்ற பேரணியை 35-14 என்று வென்றது. முழக்கோல் மறுபடி நீண்டது. ஒஹையோ ஸ்டேட் ஆடிய ஆட்டம் என்னவோ ஒன்றுதான்!

தொடக்க வெற்றி ஒன்றினால் ஊரே மயங்கிய கதைக்கு 2014 சாட்சி. ஆகஸ்டு 28-ஆம் தேதி இரவு, டெக்ஸஸ் ஏ அண்டு எம் அணி, ஒன்பதாம் இடத்தில் மதிப்பிடப்பட்டிருந்த தென் கரோலினாவை அதன் ஊரிலேயே 52-28 என்று வென்றது. கென்னி ஹில் என்ற புதிய குவார்ட்டர்பேக் 60 முறை எறிந்து 44 முறை தன்னவர் கையில் சேர்த்து 511 கஜம் பெற்றார். 21-ஆம் இடத்திலிருந்த அணி ஒரே வாரத்தில் 9-ஆம் இடத்துக்கு ஏறியது. பின்னர் லாமார் என்ற கல்லூரியை 73-3 என்றும், எஸ். எம். யு. அணியை 58-6 என்றும் வென்று, தொடர்ந்து ஐந்து வெற்றிகள் பெற்றது. போட்டி அணிகளின் ரசிகர்கள் உறக்கமிழந்திருப்பார்கள். அக்டோபர் பிறந்தது, மிஸ்ஸிஸ்ஸிப்பி ஸ்டேட்டிடம் 48-31 என்று தோல்வி, மிஸ்ஸிஸ்ஸிப்பி பல்கலைக் கழகத்திடம் 35-20 என்று தோல்வி, 18-ஆம் தேதி அலபாமாவிடம் 59-0. ஹில் தம் இடத்தையும் இழந்தார். அந்தத் தென் கரோலினாவோ ஆண்டு முடிவில் 7 வென்று 6 தோற்ற நடுத்தர அணியாக நின்றது. முதல் நாளிரவு வென்றவரையும் தோற்றவரையும் ஒருங்கே உயர மதித்திருந்தார்கள். ஒரு தவறு மற்றொன்றுக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு என்பதால் அது பலிக்கிறது. செப்டம்பர் ஆட்டத்துக்கும் நவம்பர் ஆட்டத்துக்கும் இடையே உலை மாறுகிறது, நெருப்பு மாறுகிறது. காயங்களால் அரிசியே மாறிவிடுகிறது.

இவ்வளவும் அறிந்த கொலம்பஸ் ரசிகர் மிச்சிகனைப் பற்றி நகைத்ததில் வியப்பில்லை. முந்திய ஆண்டில் எதிரிகளைக் கலங்கடித்த எய்டன் ஹச்சின்சன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். தற்காப்புப் பயிற்சியாளரும் மாறிவிட்டார். செப்டம்பர் 24-ஆம் தேதி, முதன்முறையாகத் தகுதியுள்ள எதிரியான மேரிலாந்து வந்தபோது, மிச்சிகன் 34-27 என்று அரும்பாடுபட்டே வென்றது. பார்த்தீர்களா, வெறும் பூசணிக்காய் என்றார் ரசிகர். அதே மேரிலாந்து ஆட்டத்தில் பிளேக் கோரம் என்ற ஓட்டக்காரர் 243 கஜம் ஓடியதை அவர் கவனித்திருக்கக்கூடும். கவனித்தும் ஓரத்தில் ஒதுக்கியிருப்பார்.

மேலே நடந்ததைச் சுருங்கச் சொல்வேன். மிச்சிகன் அயோவாவை 27-14, பென் ஸ்டேட்டை 41-17, நெப்ராஸ்காவை 34-3 என்று வென்றது. நவம்பர் 19-ஆம் தேதி இல்லினாயுடன் ஆடுகையில் கோரமின் முழங்காலில் அடிபட்டது; கடைசி நொடிகளில் உதைத்த பந்தால் 19-17 என்று தப்பிப் பிழைத்தது. ஒஹையோ ஸ்டேட்டும் தோல்வியின்றி வந்தது. 26-ஆம் தேதி கொலம்பஸில், பதினொன்றும் வென்ற இரண்டாம் இடத்தாரும் பதினொன்றும் வென்ற மூன்றாம் இடத்தாரும் எதிரெதிரே நின்றார்கள். கோரம் இரண்டே முறை ஓடிவிட்டு வெளியேறினார். இடைவேளையில் ஒஹையோ ஸ்டேட் 20, மிச்சிகன் 17. ரசிகர் நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார். பிற்பாதியில் மிச்சிகன் 28 புள்ளிகள் எடுத்து 3 மட்டுமே கொடுத்தது. முடிவு 45-23.

தோற்றது எப்படி என்பதுதான் நம் பொருளுக்கு முக்கியம். மிச்சிகன் ஓடியே வெல்லும் அணி என்று ஒஹையோ ஸ்டேட் சரியாகவே கணித்திருந்தது. அதைத் தடுக்கப் பலரை முன்னே நெருங்கி நிறுத்தியது. முதற்பாதியில் மிச்சிகனின் ஓட்டம் அநேகமாக நின்றே போயிற்று. ஆனால் முன்னே ஆள் கூடினால் பின்னே ஆள் குறையும் அல்லவா? ஜே. ஜே. மெக்கார்த்தி என்ற இளம் குவார்ட்டர்பேக் அந்தத் திறந்த வெளியில் எறிந்தார். 69 கஜத்தில் ஒன்று, 75 கஜத்தில் ஒன்று, 45 கஜத்தில் ஒன்று என மூன்று எறிகள் எல்லையைக் கடந்தன. இறுதிக் கட்டத்தில், களைத்த தற்காப்பைப் பிளந்துகொண்டு, கையில் காயக் கட்டுடன் ஆடிய டானவன் எட்வர்ட்ஸ் 75 கஜமும் 85 கஜமும் ஓடி இருமுறை எல்லை சேர்ந்தார்.

மெக்கார்த்தியால் தூர எறிய முடியும் என்பது யாரும் அறியாத ரகசியமா? செப்டம்பர் 10-ஆம் தேதி, அந்த ஏளனத்துக்குரிய ஹவாய் ஆட்டத்தில்தான் அவர் முதன்முதலாகத் தொடக்க வீரராக இறங்கினார். 12 முறை எறிந்தார், 11 முறை தன்னவர் கையில் சேர்ந்தது, 229 கஜம், மூன்று எறிகள் எல்லையைக் கடந்தன. சேர்ந்த எறி ஒவ்வொன்றுக்கும் சராசரி 20 கஜத்துக்கு மேல். ஹவாய் நலிந்த அணி என்பது உண்மை. நலிந்த அணி ஆட்களைக் கோட்டைவிட்டதால் 56 புள்ளிகள் வந்தன என்பதும் உண்மை. ஆனால் 40 கஜத்துக்கு அப்பால் ஓடுபவரின் கையில் பந்தை இறக்கும் தோளும் கண்ணும் ஹவாய் கொடுத்தவை அல்ல. அவை எறிந்தவருடையவை. முன்வரிசையின் செய்தியும் அத்தகையதே. ஐவரும் ஒரே கணத்தில் எழுகிறார்களா, யாரை யார் தடுப்பது என்பதில் தடுமாற்றமுண்டா என்பவை எதிரியின் வலிமையைப் பெரிதும் சாராதவை. நாட்டின் சிறந்த முன்வரிசைக்கு அளிக்கப்படும் ஜோ மூர் பரிசை மிச்சிகன் 2021-இலும் 2022-இலும் அடுத்தடுத்துப் பெற்றது. அந்த ஒழுங்கு செப்டம்பரிலேயே கண்முன் இருந்தது.

ஆகவே நலிந்த எதிரியுடன் ஆடிய ஆட்டத்தில் இரண்டு வகைச் செய்திகள் கலந்து கிடக்கின்றன என்று நான் கருதுகிறேன். புள்ளிக் கணக்கு, மொத்தக் கஜம், எதிரியைத் தடுத்து நிறுத்திய எண்ணிக்கை இவை இருவரும் சேர்ந்து உண்டாக்கியவை; எதிரி மாறினால் இவையும் மாறும். எறியின் துல்லியம், முன்வரிசையின் ஒற்றுமை, வீண் தண்டனைகள் வாங்காத கட்டுப்பாடு இவை பெரும்பாலும் ஆடுபவர்க்கே சொந்தமானவை. அஞ்சும் ரசிகர் முதல் வகையைப் பார்த்து அஞ்சுகிறார். நகைக்கும் ரசிகர் முதல் வகையைத் தள்ளும்போது இரண்டாம் வகையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். கொலம்பஸில் நடந்தது பின்னது. தன் பிள்ளையின் குறும்பையும் அயலான் பிள்ளையின் சமர்த்தையும் ஒரே அளவில் காண இயலாதவர் நாமும்தானே!

மாற்றானை அளக்கும் முயற்சி எல்லை மீறிய கதையும் இதே அணியைச் சூழ்ந்துள்ளது. சொல்லாது விட்டால் நேர்மையாகாது. வருங்கால எதிரியின் ஆட்டத்தை நேரில் சென்று பார்க்க அணியின் அலுவலர்களுக்கு 1994 முதல் தடை உண்டு. படச்சுருள்களைப் பார்க்கத் தடையில்லை. காரணம் பெரிதும் செலவுச் சிக்கனமே. பணக்காரக் கல்லூரி ஊர்தோறும் ஆளனுப்பும், ஏழைக் கல்லூரியால் முடியாது. களத்தின் ஓரத்தில் நின்று பயிற்சியாளர்கள் காட்டும் கைச்சைகைகளைக் கற்றறிவதற்காக மிச்சிகன் தரப்பில் எதிரிகளின் ஆட்டங்களுக்கு ஆளனுப்பப்பட்டது என்ற குற்றச்சாட்டின்மேல் 2023 அக்டோபரில் விசாரணை எழுந்தது. அவ்வாண்டின் கடைசி மூன்று முறையான ஆட்டங்களில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா களத்தோரம் நிற்கலாகாது என்று கூட்டமைப்பு விலக்கி வைத்தது. 2025 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மிச்சிகனுக்குப் பெருந்தொகை அபராதம் விதித்தது. கொலம்பஸ் ரசிகர்கள் 45-23 என்ற தோல்விக்கு இதையே காரணமாகக் காட்டுவர். ஹார்பா களத்தில் இல்லாத 2023 நவம்பர் 25-ஆம் தேதியும் மிச்சிகன் 30-24 என்று வென்றதே என்று மற்றவர் மறுமொழி கூறுவர். வழக்கு இன்றும் உணவு மேசைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

முறையான வழியில் மாற்றானை அளந்து வென்றவர் ஒருவர் உண்டு. அதற்கு 1969-க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு ஒஹையோ ஸ்டேட் அணியே நாட்டில் முதலிடம் வகித்தது. டி. சி. யு. அணியை 62-0, வாஷிங்டனை 41-14, மிச்சிகன் ஸ்டேட்டை 54-21 என்று தொடங்கி, ஆடிய எட்டு ஆட்டங்களிலும் எவரும் 27 புள்ளிகளுக்கு அருகே வராதபடி வென்றது. முந்திய ஆண்டுகளையும் சேர்த்துத் தொடர்ந்து 22 வெற்றிகள். வுடி ஹேஸ் அதன் பயிற்சியாளர். 1968-இல் மிச்சிகனை 50-14 என்று அவர் நசுக்கியிருந்தார். வெற்றி உறுதியான பின்னரும் கூடுதல் இரண்டு புள்ளிகளுக்கு முயன்றார் என்பது மிச்சிகனாரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிற்று.

1969-இல் மிச்சிகனுக்குப் புதிதாகப் பயிற்சியாளராக வந்தவர் போ ஷெம்பெக்லர். இவர் ஹேஸிடம் மாணவராக ஆடியவர். பின்பு ஒஹையோ ஸ்டேட்டிலேயே அவருக்கு உதவியாளராக இருந்தவர். ஹேஸ் எந்த நெருக்கடியில் எதைச் செய்வார் என்பது அவருக்கு மனப்பாடம். பயிற்சியில் ஒஹையோவைப்போல் நடித்து ஆடும் தம் மாற்று வீரர்களின் சட்டையில் 50 என்ற எண்ணை ஒட்டிவைத்தார் என்பது பிரசித்தம். மிச்சிகன் அவ்வாண்டு மிசூரியிடம் 40-17 என்றும் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 23-12 என்றும் தோற்றிருந்தது. அந்தத் தோல்விகளைப் பார்த்தவர்கள் கடைசி நான்கு ஆட்டங்களைக் கூர்ந்து நோக்கவில்லை. இருவருக்கும் பொதுவான எதிரிகளைப் பாருங்கள். மின்னசோட்டாவை ஒஹையோ வென்றது 34-7. மிச்சிகன் வென்றது 35-9. இல்லினாயை ஒஹையோ 41-0; மிச்சிகன் 57-0. செப்டம்பரில் ஒருவர் மலை, ஒருவர் மடு; நவம்பரில் இருவரும் ஏறக்குறைய ஒரே தளத்துக்கு வந்துவிட்டிருந்தனர். நவம்பர் 22-ஆம் தேதி ஆன் ஆர்பரில் மிச்சிகன் 24-12 என்று வென்றது. புள்ளிகளெல்லாம் முதற்பாதியிலேயே வந்தவை. ஒஹையோவின் எறிகளில் ஆறு மிச்சிகன் கையில் அகப்பட்டன. அதன்பின் பத்தாண்டுக் காலம், 1978 வரை, குருவும் சீடரும் ஆண்டுக்கொரு முறை எதிர்த்து நின்றார்கள். அதைப் பத்தாண்டுப் போர் என்றே வழங்குகிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2024-இல் பாத்திரங்கள் இடம் மாறின. ஒஹையோ ஸ்டேட் தன் முதல் மூன்று ஆட்டங்களில் ஏக்ரனை 52-6, மேற்கு மிச்சிகனை 56-0, மார்ஷலை 49-14 என்று வென்றது. கூட்டினால் 157-க்கு 20. மிச்சிகனோ செப்டம்பர் 7-ஆம் தேதி சொந்த மைதானத்திலேயே டெக்ஸஸ் பல்கலைக் கழகத்திடம் 31-12 என்று தோற்றது; மேலும் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. இம்முறை எண்ணிக்கை பார்த்துக் கலங்கியவர் ஆன் ஆர்பர் ரசிகர். நவம்பர் 30-ஆம் தேதி கொலம்பஸில் மிச்சிகன் எறிந்து பெற்றது 62 கஜமே. ஆனால் அதன் தற்காப்பு முன்வரிசை ஒஹையோவை ஓடவிடவில்லை. 77 கஜத்தோடு கட்டிப்போட்டது. ஆட்டம் முடிய 45 நொடிகள் இருக்கையில் உதைத்த பந்தால் மிச்சிகன் 13-10 என்று வென்றது.

செப்டம்பரில் தோன்றிய ஒஹையோவின் வலிமை பொய்யோ என்றால், அதுவும் இல்லை. அதே அணி ஏழு வாரங்கள் கழித்து, 2025 ஜனவரி 20-ஆம் தேதி, நோட்டர் டேம் அணியை 34-23 என்று வென்று நாட்டின் வெற்றிக் கோப்பையைக் கொலம்பஸுக்குக் கொண்டுவந்தது. கோப்பை வந்த பின்பும், 13-10 என்பதைப் பற்றி அந்நகரத்தாரிடம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.